என் எலும்புக்கு 72 கிலோ எதற்கு?

உயரத்தைச் சென்டிமீட்டரில் அளந்து, அதிலிருந்து நூறைக் கழித்தால் வருவதுதான் உங்கள் சரியான எடை என்று யாராவது சொல்லியிருந்தால், அதை நம்பி உணவைக் கூட்டவோ குறைக்கவோ தொடங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். அந்த ஒரு கணக்கை நம்பி ஏறத்தாழ ஒன்றரை ஆண்டையும், இரண்டு மாதச் சம்பளத்துக்கும் மேலான பணத்தையும் இழந்திருக்கிறேன். உடம்புக்கு வந்த கேட்டைச் சரிசெய்ய இன்னொரு ஆண்டு ஆயிற்று. எனக்கு முன்பே இதைச் சொல்ல ஒருவரும் இல்லை. அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

என் உயரம் 172 சென்டிமீட்டர். அந்தக் கணக்குப்படி 72 கிலோ இருக்க வேண்டும். பள்ளிப் படிப்பு முடிந்ததிலிருந்து முப்பதுகளின் நடுப்பகுதி வரை நான் 56, 57 கிலோவைத் தாண்டியதே இல்லை. நன்றாகச் சாப்பிடுவேன், நன்றாகத் தூங்குவேன், காய்ச்சல் தலைவலி என்று படுத்ததும் அரிது. ஆனாலும் என்னைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, "ஏன் இப்படி எலும்பும் தோலுமாக இருக்கிறாய், உடம்புக்கு ஏதாவது?" என்றுதான். சாப்பிடுவது உடம்பில் ஒட்டவில்லை என்று வீட்டில் கவலை. பருமனாக இருப்பவர்களைப் பழிப்பது தவறு என்று இப்போது பலருக்கும் தெரிந்திருக்கிறது. ஒல்லியாக இருப்பவனின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, "காற்றடித்தால் பறந்துவிடுவாய்" என்பதில் தவறிருப்பதாக யாரும் நினைப்பதில்லை. அது வலிக்கிறது என்று சொன்னால், "கொடுத்து வைத்தவன், எவ்வளவு சாப்பிட்டாலும் எடை ஏறவில்லையே" என்ற பதில் வரும். அதனால் இதை நான் யாரிடமும் பேசியதில்லை. முழுக்கைச் சட்டை போட்டு மறைத்துக்கொண்டேன்.

இந்த மனநிலையோடு ஓர் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனபோது, அங்கே சுவரில் ஓர் அட்டவணை மாட்டியிருந்தார்கள். உயரத்துக்கு நேராக ஒரே ஒரு எண். வயது இல்லை, உடல்வாகு இல்லை. பயிற்சியாளர் என்னை எடை பார்த்துவிட்டு, "உங்களுக்குப் பதினாறு கிலோ குறைகிறது" என்றார். அந்தச் சொல்லை இன்றும் மறக்க முடியவில்லை. அத்தனை வருடமாக ஏதோ ஒன்று குறைந்தவனாகவே என்னை நினைத்திருந்தேன். இவர் அதற்கு ஒரு அளவும் கொடுத்துவிட்டார். பயிற்சிக் கட்டணம், உணவுத் திட்டம், எடை கூட்டும் மாவு என்று எல்லாம் சேர்ந்த ஒரு தொகுப்பை அன்றே எடுத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்று என் உடல் நிறைக் குறியீட்டெண்ணை, அதாவது எல்லோரும் பி.எம்.ஐ. என்று சொல்வதை, யாராவது கணக்கிட்டிருந்தால் 18.9 என்று வந்திருக்கும். கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது அது. உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி 18.5-க்குக் கீழே இருந்தால்தான் எடைக் குறைவு. ஆக, நான் கீழ் எல்லையை ஒட்டி இருந்தேனே தவிர, எடைக் குறைவுள்ளவன் அல்லன். ஒல்லியாக இருப்பவர்கள் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு: உங்கள் எடை ஆண்டுக் கணக்கில் ஒரே அளவில் நிற்கிறதா, அல்லது அண்மையில் இறங்கியதா? முயற்சி ஏதும் இல்லாமல் ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் உடல் எடையில் ஐந்து விழுக்காடோ அதற்கு மேலோ குறைந்திருந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு மிகையாகச் சுரப்பது, சர்க்கரை நோய், காசநோய், குடலில் சத்து உறிஞ்சப்படாமல் போவது என்று அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். வாலிபத்திலிருந்து மாறாமல் அதே எடையில் நலமாக இருப்பவரின் கதை வேறு. அவருடைய எலும்பே சிறியதாக இருக்கலாம்.

எடை ஏறிய விதத்தைச் சொல்கிறேன். முதல் சில வாரங்களிலேயே முள் நன்றாக நகர்ந்தது. மாவுச்சத்தை அதிகமாகச் சாப்பிட்டால் உடம்பு அதைக் கிளைக்கோஜனாகச் சேமிக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரும் சேர்ந்து தங்கும். அந்த நீரின் எடையைத்தான் நான் சதை என்று நினைத்து மகிழ்ந்தேன். பிறகு மாதம் இரண்டு கிலோவுக்குக் குறையாமல் ஏறியது. புதிதாகப் பளு தூக்கத் தொடங்கும் ஆணுக்கு, எல்லாம் சரியாக அமைந்தாலும், மாதம் ஒரு கிலோ தசை கூடுவதே பெரிய விஷயம். அதற்கு மேல் ஏறுவது பெரும்பாலும் கொழுப்பாகவே படியும். இதை அந்தக் கூடத்தில் யாரும் சொல்லவில்லை. சட்டை தோளில் இறுகவில்லை, வயிற்றில் இறுகியது. கை அப்படியே ஒல்லியாகத்தான் இருந்தது. கேட்டபோது, "முதலில் ஏற்ற வேண்டும், பிறகு செதுக்கிக்கொள்ளலாம்" என்றார்கள். அந்த மாவின் டப்பாவில் என்ன எழுதியிருந்தது என்பதைப் பின்னால்தான் உட்கார்ந்து படித்தேன். முதலில் இருந்தது மால்டோடெக்ஸ்ட்ரின், அதாவது சர்க்கரைக்கு நிகரான வேகத்தில் ரத்தத்தில் கலக்கும் மாவுச்சத்து. அடுத்தது சர்க்கரை. புரதம் அதற்குப் பிறகுதான் வந்தது. உணவுப் பொருளின் உறையில் எது அதிகமாக இருக்கிறதோ அதையே முதலில் அச்சிடுவார்கள். அந்த வரிசையைப் படித்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும்.

ஒரு கட்டத்தில் எடை நின்றுவிட்டபோது, பெயர் ஒட்டாத சிறிய பொட்டலத்தில் மாத்திரைகளை நீட்டினார்கள். பசியைத் தூண்டும் என்றார்கள். நான் வாங்கவில்லை. அதற்காக இன்றும் நிம்மதி அடைகிறேன். எடை கூட்ட என்று இப்படிக் கைமாறும் மாத்திரைகளில் சைப்ரோஹெப்டடின் என்ற ஒவ்வாமை மருந்தும், டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டும் இருப்பது பல நாடுகளில் கண்டறியப்பட்ட ஒன்று. ஸ்டீராய்டு முகத்தை உப்பவைக்கும். பார்ப்பவர்கள் "தேறிவிட்டான்" என்பார்கள். உள்ளே சர்க்கரை ஏறும், எலும்பு வலுவிழக்கும், திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். மருத்துவர் எழுதித் தராத எந்த மாத்திரையையும் எடைக்காக வாயில் போடாதீர்கள். ஏற்கனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் நீங்களாகவே நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்டி நிறுத்துங்கள்.

இறுதியில் 71 கிலோவைத் தொட்டேன். அந்த வாரம் எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தேன் என்பதை மறைக்க மாட்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக என்னைப் பார்த்து ஒருவரும் பரிதாபப்படவில்லை. சாப்பிட்டவுடன் கண் சொருகியது, மாடி ஏறினால் மூச்சு இரைத்தது, நெஞ்சு எரிந்தது. ஆனாலும் பொருட்படுத்தவில்லை. வேலையிடத்தில் ஆண்டுதோறும் நடக்கும் பரிசோதனையில்தான் உண்மை வெளிவந்தது. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 5.9. அது 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோயின் வாசலில் நிற்பதாகப் பொருள். ரத்தக் கொழுப்பில் ஒரு வகையான ட்ரைகிளிசரைடு 240, அது 150-க்குக் கீழே இருக்க வேண்டும். கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பதை ஸ்கேன் காட்டியது. அறிக்கையைப் பார்த்த முதல் மருத்துவர், பி.எம்.ஐ. 24 என்பதைக் கண்டு, "எடை சரியாகத்தானே இருக்கிறது, பரம்பரையாக இருக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். எடை சரி என்று தாள் சொல்கிறது, உடம்பு கெட்டிருக்கிறது என்று ரத்தம் சொல்கிறது. எதை நம்புவது என்று தெரியாமல் பல இரவுகள் தூக்கமின்றிக் கிடந்தேன். உண்மையில் அந்த நாள்கள்தான் எல்லாவற்றிலும் மோசமானவை.

இன்னொரு மருத்துவர் என்னை ஓர் உணவியல் நிபுணரிடம் அனுப்பினார். அந்த அம்மையார் எடை பார்க்கும் இயந்திரத்தின் பக்கமே போகவில்லை. அளவு நாடாவை எடுத்து முதலில் இடுப்பை அளந்தார்: 94 சென்டிமீட்டர். பிறகு மணிக்கட்டை அளந்தார்: 15.8. உயரத்தை மணிக்கட்டின் சுற்றளவால் வகுத்தார். 172-ஐ 15.8-ஆல் வகுத்தால் 10.9. "உங்களுடையது சிறிய எலும்புவாகு. உங்களுக்கு 72 கிலோ என்று யார் சொன்னது?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை ஆண்டும் என் உடம்பில் ஒன்றும் குறைந்திருக்கவில்லை என்பதை ஒருவர் ஒரு வகுத்தல் கணக்கில் காட்டிவிட்டாரே என்ற அழுகை அது.

அவர் சொல்லிக்கொடுத்ததையும், அதன்பின் நானாகத் தேடிப் படித்ததையும் இங்கே வைக்கிறேன். உயரத்திலிருந்து நூறைக் கழிக்கும் கணக்கு, 19-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு அறுவை மருத்துவர் போல் ப்ரோக்காவின் பெயரில் வழங்கி வருவது. அதில் எலும்புவாகு வருவதே இல்லை. அது போக, உயரம் கூடக் கூட அது நம்மை மேல் எல்லைக்குத் தள்ளுகிறது. 150 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 50 கிலோ என்றால் பி.எம்.ஐ. 22. 190 சென்டிமீட்டர் உள்ளவருக்கு 90 கிலோ என்றால் அதுவே 25-ஐத் தொடுகிறது. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எலும்புவாகை முதன்முதலில் பெரிய அளவில் அட்டவணைக்குள் கொண்டுவந்தது அமெரிக்காவின் மெட்ரோபாலிட்டன் ஆயுள் காப்பீட்டு நிறுவனம். 1940-களின் தொடக்கத்தில் அவர்கள் வெளியிட்ட அட்டவணையில் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று பத்திகள் இருந்தன. ஆனால் தன்னுடையது எந்தப் பத்தி என்று ஒருவர் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்கு அளவீடு எதுவும் தரப்படவில்லை. அவரவர் விருப்பத்துக்கு விட்டால் எடை கூடியவர் எல்லோரும் தம்மைப் பெரிய எலும்புக்காரர் என்றுதானே சொல்வார்கள்? 1983-இல் வந்த திருத்திய அட்டவணையில்தான் முழங்கையின் அகலத்தை வைத்து வாகை முடிவு செய்யும் முறை வந்தது. மக்களில் பாதிப் பேர் நடுத்தரம், கால்பங்கு சிறியது, கால்பங்கு பெரியது என்று வரும்படி அந்த எல்லைகளை வகுத்தார்கள். உடையின் எடையையும் காலணியின் உயரத்தையும் கழித்துவிட்டு அதில் என் உயரத்தைத் தேடினேன். சிறிய வாகுக்கு ஏறத்தாழ 62 முதல் 66 கிலோ, நடுத்தரத்துக்கு 65 முதல் 70, பெரிய வாகுக்கு 68 முதல் 77. என்னைத் துரத்தச் சொன்ன 72, பெரிய எலும்புள்ள ஆணுக்கு உரிய எண்.

இன்னொரு எளிய கணக்கும் உண்டு. 1964-இல் ஹம்வி என்ற மருத்துவர், சர்க்கரை நோயாளிகளின் உணவை வகுப்பதற்காகத் தந்தது. ஆணுக்கு முதல் ஐந்தடிக்கு 48 கிலோ, அதற்கு மேல் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 2.7 கிலோ. பெண்ணுக்கு முதல் ஐந்தடிக்கு 45.5 கிலோ, அதற்கு மேல் அங்குலத்துக்கு 2.2 கிலோ. வருவதில் சிறிய வாகென்றால் பத்து விழுக்காட்டைக் கழிக்க வேண்டும், பெரிய வாகென்றால் பத்து விழுக்காட்டைக் கூட்ட வேண்டும். எனக்கு அது 62 என்று வருகிறது. அது ஆய்வில் நிறுவப்பட்ட கணக்கு அல்ல, மருத்துவர்களின் கைக்கணக்கு. ஆனால் இரண்டு வெவ்வேறு வழிகளும் ஏறத்தாழ ஒரே இடத்தில் கொண்டுவந்து விட்டதால் எனக்குத் துணிவு வந்தது.

வீட்டிலேயே அளந்துகொள்ளலாம். மணிக்கட்டுக்கு, தையல்காரர் பயன்படுத்தும் நாடா போதும். கையின் சுண்டுவிரல் பக்கம் புடைத்து நிற்கும் எலும்பைத் தாண்டி, உள்ளங்கையை ஒட்டி மடிப்பு விழும் இடத்தில், இறுக்காமல் தளர விடாமல் சுற்றுங்கள். உயரத்தையும் சென்டிமீட்டரிலேயே எடுத்து வகுத்துக்கொள்ளுங்கள். ஆண்களுக்கு 10.4-க்கு மேல் வந்தால் சிறிய வாகு, 9.6 முதல் 10.4 வரை நடுத்தரம், அதற்கும் கீழே பெரியது. பெண்களுக்கு 11-க்கு மேல் சிறியது, 10.1 முதல் 11 வரை நடுத்தரம், 10.1-க்குக் கீழே பெரியது. உயரத்தைக் காலணி இல்லாமல், குதிகால் சுவரில் படும்படி நின்று, இன்னொருவரைக் கொண்டு அளப்பது நல்லது. பல பேர் பல வருடத்துக்கு முன்பு எங்கோ எழுதிய உயரத்தையே இன்னும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். கட்டைவிரலையும் நடுவிரலையும் மணிக்கட்டைச் சுற்றிச் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. விரல் நீளமாக இருப்பவருக்கு எப்போதும் சிறிய வாகு என்றே அது காட்டும். அதை நம்ப வேண்டாம்.

முழங்கை அளவு இன்னும் நம்பகமானது. மணிக்கட்டைச் சுற்றி வீக்கமோ கொழுப்போ கொஞ்சம் சேரக்கூடும், முழங்கையின் இரண்டு பக்க எலும்புகளுக்கு மேல் சதை மிகக் குறைவு. கையை முன்னால் நீட்டி, முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, விரல்கள் மேலே பார்க்க, உள்ளங்கை உங்களை நோக்கி இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். மற்றக் கையின் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் முழங்கையின் இரு பக்கமும் புடைத்திருக்கும் எலும்புகளின் மேல் வைத்து, அந்த இடைவெளி மாறாமல் அப்படியே எடுத்து அளவுகோலில் வையுங்கள். என் உயரமுள்ள ஆண்களுக்கு 7 முதல் 7.6 சென்டிமீட்டர் வரை நடுத்தரம். எனக்கு 6.5. மணிக்கட்டு ஒன்றும் முழங்கை ஒன்றும் சொன்னால் முழங்கையின் பக்கம் நில்லுங்கள். நடுத்தரத்தின் விளிம்பில் வந்தால் அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் நடுத்தரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சொன்னபின் ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். எலும்புவாகு சில கிலோக்களை விளக்கும். இருபது கிலோவை விளக்காது. வளர்ந்த ஒருவரின் உடம்பில் எலும்பின் தாது மட்டும் பெரும்பாலும் இரண்டு மூன்று கிலோதான். நீரும் மஜ்ஜையும் சேர்ந்த எலும்புக்கூடு முழுவதும் உடல் எடையில் ஏறத்தாழ 15 விழுக்காடு. அகன்ற எலும்பின் மேல் தசையும் கொஞ்சம் கூடுதலாக அமையும் என்பதால்தான் வாகுக்கு வாகு வித்தியாசம் பத்து விழுக்காடு வரை போகிறது. "எனக்குப் பெரிய எலும்பு" என்று சொல்லிக்கொண்டு தொப்பையை விட்டுவிட முடியாது. தொப்பையில் எலும்பு இல்லை.

அதனால்தான் அந்த நிபுணர் இடுப்பை முதலில் அளந்தார். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், இயல்பாக மூச்சை விட்டபின், வயிற்றை உள்ளிழுக்காமல் அளக்க வேண்டும். கால்சட்டை நிற்கும் இடத்தில் அளந்தால் தொப்பையின் கீழே போய்விடும், குறைவாகக் காட்டும். தெற்காசியர்களுக்கு ஆண்களென்றால் 90, பெண்களென்றால் 80 சென்டிமீட்டர் என்பது எல்லை. இன்னும் எளிதாக, இடுப்பு உங்கள் உயரத்தில் பாதிக்குக் கீழே இருக்க வேண்டும் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். என் உயரத்தில் பாதி 86. நான் 94-இல் நின்றேன். 56 கிலோவில் இருந்தபோது தைத்த கால்சட்டையை எடுத்து அளந்து பார்த்தேன்: 76. ஏறிய பதினைந்து கிலோவில் பெரும்பகுதி எங்கே போய் உட்கார்ந்தது என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

நம் மக்களுக்கு இது இன்னும் முக்கியம். புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், பிரிட்டனின் ஜான் யுட்கின் இருவரும் 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் இருவரின் படத்தையும் அருகருகே வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒரே 22.3. உடலின் கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. அதே ஆண்டு, ஆசிய மக்களுக்கு 25 வரை காத்திருக்காமல் 23-லிருந்தே கவனம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சொன்னது. என் உயரத்துக்கு 23 என்பது 68 கிலோ. முதல் மருத்துவர் பார்த்த 24 என்ற எண், இந்தக் கணக்கில் ஏற்கனவே எல்லையைத் தாண்டியது.

என் அக்காவின் கதையையும் சேர்த்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதே போன்ற ஓர் எண் அவரை எதிர்ப்பக்கமாக வதைத்தது. அவர் உயரம் 160. எடை 62. இடுப்பு 79, உயரத்தின் பாதிக்குக் கீழே. ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரி. யாரோ 50 கிலோதான் அழகு, ஆரோக்கியம் என்று சொல்ல, அதற்காகப் பட்டினி கிடந்து 51-க்கு வந்தார். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, மாதவிலக்கு நின்றது, வெயிலிலும் குளிர்கிறது என்றார், சின்னச் சின்னப் பேச்சுக்கும் எரிந்து விழுந்தார். நாங்கள் குணம் மாறிவிட்டது என்று வருத்தப்பட்டோம். பட்டினி மனிதனை என்ன செய்யும் என்பதை 1944, 45-ஆம் ஆண்டுகளில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 ஆண்களை வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். உடல் எடையில் கால்பங்கு வரை இழந்த அந்த ஆரோக்கியமான இளைஞர்கள் குளிரில் நடுங்கினார்கள், எரிச்சலடைந்தார்கள், பகலும் இரவும் உணவையே நினைத்தார்கள். அக்கா அந்த அளவுக்குப் போகவில்லை, ஆனால் படிக்கும்போது எனக்கு அவர் முகம்தான் தெரிந்தது. அந்த ஆய்வை நடத்திய ஆன்செல் கீஸ்தான் 1972-இல், பெல்ஜியத்தின் அடோல்ஃப் கெட்லே 1830-களில் கண்ட பழைய சூத்திரத்துக்கு உடல் நிறைக் குறியீட்டெண் என்று பெயரிட்டவர். அவர் அதை ஐந்து நாடுகளைச் சேர்ந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களின் அளவுகளை வைத்துச் சோதித்தார். அதில் பெண்கள் இல்லை. பெருந்திரளான மக்களை ஒப்பிடுவதற்கான கருவி அது. ஒரு தனி மனிதரின் எலும்பு அகலத்தையோ, கொழுப்பு எங்கே இருக்கிறது என்பதையோ சொல்ல அதனால் இயலாது.

அக்காவின் மணிக்கட்டை நானே அளந்தேன். 17 சென்டிமீட்டர். வகுத்தால் 9.4, தெளிவான பெரிய வாகு. "நீங்கள் பட்ட பாடெல்லாம் உங்கள் எலும்போடு போட்ட சண்டை, அக்கா" என்றேன். அவர் நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. இப்போது 59 கிலோவில் இருக்கிறார். மாதவிலக்கு திரும்பிவிட்டது. முடி மெதுவாக வளர்கிறது. பெண்கள் யாராவது இதைப் படித்தால், எடை குறைக்கும் முயற்சியில் மாதவிலக்கு தள்ளிப்போனால் அந்த மாதமே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அது நீண்டால் எலும்பின் அடர்த்தியும் குறையும்.

நான் மீண்ட வழி பெரிய வித்தை எதுவும் இல்லை. எடை கூட்டும் மாவையும் இனிப்புப் பானங்களையும் நிறுத்தினேன். எடையைக் குறைக்க வேண்டும் என்று பட்டினி கிடக்கவில்லை. அந்த நிபுணர் அதைக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எடை வேகமாக இறங்கினால் கொழுப்போடு தசையும் போகும், பித்தப்பையில் கல்லும் வரலாம். பளு தூக்கும் பயிற்சியை விடாமல் செய்தேன், இந்த முறை வேறு கூடத்தில். உணவுக்குப் பின் நடந்தேன். ஒவ்வொரு வேளையிலும் புரதம் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். எடை 65-க்கு வந்தது, இடுப்பு 85. பழைய 56-ஐ விட ஒன்பது கிலோ கூடுதல், ஆனால் அதில் நல்ல பங்கு தோளிலும் தொடையிலும் இருக்கிறது. எச்பிஏ1சி 5.5 என்று வந்த அன்று அறிக்கையை மடித்து வைக்கவே மனம் வரவில்லை.

கொழுப்பு விழுக்காட்டைச் சொல்லும் மின்சார எடைப்பொறி ஒன்றும் அந்த நாள்களில் வாங்கினேன். அதைப் பற்றி ஒரு வரி: உடம்பில் லேசான மின்சாரத்தைச் செலுத்தி நீரின் அளவை ஊகித்துத்தான் அது கணக்கிடுகிறது. தண்ணீர் குடித்தால் ஓர் எண், வியர்த்தபின் ஓர் எண். ஒரே நாளில் எடையே ஒன்றிரண்டு கிலோ மாறும். காலையில் கழிவறை போனபின், எதையும் உண்ணும் முன், வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். அந்தப் பணத்தில் நான் இரண்டு முறை ரத்தப் பரிசோதனை செய்திருக்கலாம்.

மேலே சொன்ன கணக்குகள் எல்லாம் வளர்ந்து முடிந்த பெரியவர்களுக்கு மட்டும். 1983 அட்டவணைகூட 25 முதல் 59 வயது வரையுள்ளவர்களுக்குத்தான். குழந்தைகளுக்கு வளர்ச்சி வரைபடம் தனியாக உண்டு, அவர்களின் மணிக்கட்டை அளந்து முடிவுக்கு வராதீர்கள். கருவுற்றிருப்பவர்கள், முதுகெலும்பு வளைந்தவர்கள், உடம்பில் நீர் கோத்திருப்பவர்கள், தசை மிகுந்த விளையாட்டு வீரர்கள் ஆகியோருக்கும் இவை பொருந்தா. வயது ஏற ஏற உயரம் கொஞ்சம் குறையும் என்பதால், வயதானவர்களுக்கு விடை பிசகலாம்.

மருத்துவரிடம் போகும்போது எடையை மட்டும் சொல்லாமல், இடுப்பு, மணிக்கட்டு, முழங்கை மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கடந்த ஐந்தாண்டுகளில் எடை எப்படி மாறியது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஒல்லியாகத் தெரிந்தாலும் வயிறு மட்டும் முன்னுக்கு வந்திருந்தால் எச்பிஏ1சி, ட்ரைகிளிசரைடு இரண்டையும் நீங்களாகவே கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பி.எம்.ஐ. சரியாக இருப்பதைக் காரணம் காட்டி வேண்டாம் என்று சொன்னால், இடுப்பளவை எழுதிய தாளை அவர் முன்னால் வையுங்கள்.